நெற்றி சொன்ன எண்

குக்கருக்குப் புது கேஸ்கட் போட்டதுதான் என் கணவர் ஜெகதீசன் எங்கள் வீட்டில் செய்த கடைசிச் சாதாரண வேலை. பழையது தளர்ந்துபோய் ஒரு வாரமாக ஆவி ஓரத்தில் சீறிக்கொண்டிருந்தது. அந்த வியாழக்கிழமை காலையில் புதியதைத் தண்ணீரில் நனைத்து, மூடிக்குள் அமுக்கி, அடுப்பில் ஏற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு எதிரில் நின்றார். விசில் கணீரென்று வந்தது.

"பாத்தியா? நூத்துக்கு நூறு," என்றார்.

இரண்டாவது விசிலுக்குள் அவருடைய போன் அதிர்ந்தது. திரையைப் பார்த்தார். கேஸை அணைத்தார். பருப்பு இன்னும் வேகவில்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அவர் போனை என் பக்கம் திருப்பினார்.

டோக்கன் 112. மதிப்பெண்: 38.

அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் இருந்தார். சாப்பிட்டார், குளித்தார், கேட்டால் பதில் சொன்னார். இருபதாம் நாள் காலையில் ஷூவுக்குக் கயிறு கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. நெஞ்சில் அடைப்பு பல வருடங்களாக இருந்திருக்கிறது என்றார் மருத்துவர். இருந்திருக்கலாம். எனக்கு அப்போது தேவைப்பட்டது ஓர் ஆள். பெயரும் முகமும் உள்ள ஓர் ஆள்.

*

டோக்கன் 112 அவர் ஆறு வருடம் செலவழித்துச் செய்த விளையாட்டு. அதில் துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. ஓர் ஆஸ்பத்திரியின் கூடத்தில் நாம் காத்திருப்போம். கையில் 112 என்ற டோக்கன். உள்ளே நம்முடையவர் ஒருவர். சுவரில் எண்கள் மெல்ல மாறும். பக்கத்து நாற்காலிக்காரரோடு பேசலாம், தண்ணீர் எடுத்துவந்து கொடுக்கலாம், இடம் விடலாம், சண்டையும் போடலாம். எண்ணை மட்டும் வேகப்படுத்த முடியாது. கடைசியில் 112 என்று அழைக்கும்போது நம்மோடு யார் யார் எழுந்து நிற்கிறார்கள் என்பதுதான் விளையாட்டின் முடிவு. நாம் நடந்துகொண்ட விதத்தைப் பொறுத்து அது மாறும். அவருடைய அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்த பதினொரு நாளில் பிறந்த யோசனை அது.

மதிப்பெண் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் மதிப்பெண் போடலாம். விளையாட்டு வெளிவரும் முன்பே ரசிகர்கள் கூட்டமாக வந்து பூஜ்யம் போட்டார்கள். எதிர்க்கூட்டம் வந்து பத்துக்குப் பத்து போட்டது. எங்கள் சாய்பாபா காலனி பேக்கரியில் மாலை ஐந்து மணிக்குத் தொடங்கும் வாக்குவாதம் டீ ஆறி ஆடை படிந்த பிறகும் ஓயாது. அதனால் புதிய மதிப்பீட்டு வாரியம் நெற்றிப்பட்டையைக் கொண்டுவந்தபோது எல்லோருக்கும் மகிழ்ச்சி. என் கணவருக்குத்தான் அதிகம்.

பேக்கரியில் தேங்காய் பன்னை இரண்டாகப் பிய்த்துப் பாதியை என்னிடம் கொடுத்தபடி அவர் ஃபரூக்கிடம் சொன்னது நினைவிருக்கிறது. ஃபரூக் அவரோடு சேர்ந்து அந்த விளையாட்டை எழுதியவன். என்னை அண்ணி என்பான்.

"வாய் பொய் சொல்லும் ஃபரூக். வெரல் அதைவிடப் பெரிய பொய் சொல்லும். நெத்தி சொல்லாது."

"நெத்திக்கு கிராபிக்ஸ் பத்தி என்னங்ணா தெரியும்?"

"அட, கேளு. பன்னெண்டு பேரைக் கூப்பிட்டுப் பட்டை கட்டி ரெண்டு மணி நேரம் வெளையாட விடறாங்க. நாடி, வேர்வை, மூளையில ஓடற மின்னு எல்லாத்தையும் பட்டை எடுத்துக்கும். மனசு இழுத்தா ஏறும், தள்ளுனா எறங்கும். பன்னெண்டையும் கூட்டி வகுத்தா மதிப்பெண். நாப்பதுக்குக் கீழ போனா கடையில வெக்க மாட்டாங்க. ரெண்டாந் தடவை கட்டறது கெடையாது."

"நம்ம சொந்தக்காரங்க நாலு பேரை உள்ள உட்டா?"

"சொந்தம்னு தெரிஞ்சா அந்தப் பட்டை செல்லாது. எந்தப் பட்டை யாரோடதுன்னு வெளிய தெரிஞ்சாலும் செல்லாது. பன்னெண்டுல ஒருத்தர் மட்டும் விமர்சகர். அவருக்கும் தன்னோட எண் என்னன்னு சொல்ல மாட்டாங்க."

"அப்பறம் நாமெல்லாம் எதுக்குங்ணா பேக்கரிக்கு வர்றது? சண்டையே இல்லைன்னா டீ எறங்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன்.

நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். வாரியத்துக்குத் தன்னார்வலர் பதிவு எங்கள் நூலகத்திலேயே நடந்தது. எந்தத் தேதியில் வர விருப்பம் என்பதை நாமே குறிப்பிடலாம். டோக்கன் 112-க்குக் கொடுத்த தேதி எனக்குத் தெரியும். ரேஷன் கார்டில் நான் ஜெ. மங்கையர்க்கரசி. ஆனால் பள்ளிச் சான்றிதழிலிருந்து சம்பளப் பட்டியல்வரை அப்பா குழந்தைவேலுவின் எழுத்துதான்: கு. மங்கையர்க்கரசி. எங்கள் ஊர்ப் பெண்களில் பாதிப் பேருக்கு இப்படி இரண்டு பெயர் உண்டு. வாரியத்தின் கணினி ஜெகதீசனின் குடும்பத்தில் கு. எவரையும் காணவில்லை.

அது வெள்ளிக்கிழமை. நல்ல காரியத்துக்குப் போகிறவளாக எண்ணெய் தேய்த்துக் குளித்து, அலுவலகத்துக்கு என்று சொல்லிவிட்டுப் போனேன். பன்னிரண்டு தடுப்புகள், பன்னிரண்டு நாற்காலிகள். நான் வீட்டிலேயே ஐம்பது முறை விளையாடியிருந்த விளையாட்டு. யார் எப்போது இருமுவார், எந்தக் குழந்தை எப்போது அழும் என்பதெல்லாம் மனப்பாடம். அன்று வெளியே வந்தபோது என் பட்டை தொண்ணூறைத் தாண்டியிருக்கும் என்று நம்பினேன். அவரிடம் சொல்லவில்லை. மதிப்பெண் வந்த பிறகு சொல்லிச் சிரிக்கலாம் என்று வைத்திருந்தேன்.

*

எனக்குக் கிடைத்த ஆளின் பெயர் நிவேதன். 'கடைசி லெவல்' என்ற விமர்சனச் சேனல் நடத்துபவன். வயது முப்பதுக்குள். அந்தப் பன்னிரண்டு பேரில் விமர்சகர் அவன்தான். மதிப்பெண் வந்த அன்று மாலையே அவனுடைய வீடியோ வந்தது.

"மக்களே, காத்திருக்கறதுக்கு எதுக்குங்க கேமு? கரண்ட் ஆபீஸ்ல போய் உக்காந்தா இதைவிட த்ரில்லா இருக்குமே! நாப்பதாவது நிமிஷம், சத்தியமா சொல்றேன், எந்திரிச்சு டீ குடிக்கப் போயிட்டேன். திரும்பி வந்தா டோக்கன் நாலுதான் நகர்ந்திருக்கு! முப்பத்தெட்டா? தாராள மனசுங்க!"

கீழே கூட்டம் கும்மியடித்தது. 'அடுத்த பாகம்: பஸ் ஸ்டாப்பாமே?' 'விளையாடி முடிச்சதும் மாத்திரை சீட்டு தருவாங்களா?' 'செஞ்சவரு பேஷன்ட்டா டாக்டரா?' ஜெகதீசன் அந்த வீடியோவை நான்கு முறை பார்த்தார். ஒரே ஒரு வாக்கியம் பேசினார்.

"டீ குடிக்கப் போனானாமா."

அந்தப் பத்தொன்பது நாளில் விளையாட்டைப் பற்றி அவர் பேசிய ஒரே வாக்கியம் அது. நான் அதை எடுத்து வைத்துக்கொண்டேன்.

*

காரியம் முடிந்த பிறகு ஃபரூக் ஒரு தாளோடு வந்தான். செய்தவரோ அவருடைய வாரிசோ கேட்டால் பன்னிரண்டு பட்டைகளின் மூலத்தாளை வாரியம் கொடுக்கும். பெயர்கள் இருக்காது. எண்ணும், இரண்டு மணி நேரக் கோடும், முடிவு மதிப்பும் மட்டும்.

சாப்பாட்டு மேஜையில் விரித்தோம். முப்பது, நாற்பத்தொன்று, இருபத்தெட்டு என்று போயின பெரும்பாலானவை. ஐம்பத்தெட்டு ஒன்று இருந்தது. அது நான்தான் என்று முடிவுசெய்துகொண்டேன். தொண்ணூறு இல்லாதது சற்று உறுத்தியது. கருவிக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன். எல்லாவற்றிலும் உயர்ந்தது நான்காம் பட்டை. எழுபத்தொன்று.

"அண்ணி, இங்க பாருங்க." ஃபரூக்கின் விரல் நான்காம் கோட்டில் நின்றது. நாற்பதாவது நிமிடத்தில் கோடு அறுந்து, நாற்பத்து நான்கில் மீண்டும் தொடங்கியிருந்தது. வேறு எந்தப் பட்டையிலும் அந்த நேரத்தில் இடைவெளி இல்லை.

"டீ குடிக்கப் போனவன்," என்றேன்.

"எழுபத்தொண்ணு அண்ணி! எல்லாரையும்விட அவனுக்குத்தான் புடிச்சிருக்கு. நெத்தியில எழுபத்தொண்ணை வெச்சுக்கிட்டு வாயில அந்தப் பேச்சுப் பேசியிருக்கான்."

என் கண் வேறோர் இடத்துக்குப் போயிற்று. ஒன்பதாம் பட்டை. மதிப்பு ஐந்து. நூற்றுக்கு ஐந்து. கோடு தொடக்கத்திலிருந்தே தரையோடு கிடந்தது. மூன்று இடத்தில் அறுந்து ஒட்டியிருந்தது.

"இது யாரு?"

"தெரியலீங்க. மூணு தடவை பட்டையைப் புடுங்கி எறிஞ்சிருக்கான் போல. அவ்வளவு வெறுப்பு."

"முதல்ல நாலு. அப்பறம் ஒம்போது," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

ஃபரூக் தயங்கினான். "வெளிய போட்டா நாலாம் பட்டை செல்லாமப் போயிருமுங்க."

"போகட்டும். கடைக்கே வராத கேமுக்கு எந்தப் பட்டை செல்லுனா என்ன?"

அன்று மதியமே இணையத்தில் போட்டேன். இடப்பக்கம் அவன் வீடியோவில் டீ பற்றிப் பேசும் துண்டு. வலப்பக்கம் நான்காம் கோடு. கீழே இரண்டே வரி: 'நான்காம் பட்டை நிவேதன். எழுபத்தொன்று. ஐந்து கொடுத்த ஒன்பதாம் பட்டை யார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.'

என் கணவரைப் பார்த்துச் சிரித்த அதே கூட்டம்தான். திரும்புவதற்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டது. 'எழுபத்தொண்ணு மாமா வந்துட்டாரு.' 'நெத்தி நல்லவன், வாய்தான் வாடகை.' 'உங்க எல்லா ரெவியூவுக்கும் நெத்தியைக் காட்டுங்க சார்.' அவன் தங்கையின் நிச்சயதார்த்தத்துக்குப் போன பையன்கள் சிலர் நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டி, 71 என்று எழுதிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தார்களாம். அந்தப் படத்தைப் பார்த்த அன்று நான் இரண்டு கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிட்டேன். இதை மறைத்துப் பயனில்லை. எனக்கு அது இனித்தது. மூன்றாம் வாரம் அவன் சேனலில் புதிதாக ஒன்றும் வரவில்லை. கூட்டம் ஒன்பதாம் பட்டையைத் தேடத் தொடங்கியிருந்தது. 'ஒன்பதே வெளியே வா' என்று பேக்கரிச் சுவரில்கூட யாரோ எழுதிவிட்டார்கள். அதைப் பார்த்தபோது, ஜெகதீசனுக்காக இந்த ஊர் இப்போதாவது எழுந்து நிற்கிறதே என்று தோன்றியது.

*

நிவேதன் நூலகத்துக்கே வந்தான். மதிய உணவு நேரம், கூடத்தில் யாரும் இல்லை. வீடியோவில் பார்த்ததைவிடக் குள்ளம். சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டிருந்தான்.

"அக்கா, நான் நிவேதன்."

"தெரியுது. பிளாஸ்திரி ஒட்டாம வந்திருக்கீங்க."

அவன் அதை வாங்கிக்கொண்டான். "என் நெத்தி என்ன சொல்லுச்சுன்னு எனக்கே உங்க போஸ்ட்டைப் பாத்துத்தான் தெரியுங்க்கா."

"உங்களுக்குப் புடிச்சதா இல்லையாங்கறதுகூட உங்களுக்குத் தெரியாதா?"

"புடிச்சுதுன்னு தெரியும். அந்த நாப்பதாவது நிமிஷம் நான் டீ குடிக்கப் போகல. கேம்ல பக்கத்து சேர்ல இருக்கற பெரியவர் டோக்கனை மாத்திக் குடுக்கறேம்பாரே, அந்த எடம். முகம் கழுவப் போனேன். அன்னிக்கு ராத்திரியே நல்லாருக்குன்னு ஒரு வீடியோ எடுத்து வெச்சுட்டேன். மதிப்பெண் வந்தது முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு எடுத்ததை நல்லாருக்குன்னு சொன்னா, எவ்வளவு வாங்குனன்னு கேப்பாங்க. அழிச்சுட்டு வேற எடுத்தேன்."

"நம்பர் வந்த பொறவு கருத்து."

"இப்ப எல்லாரும் அப்படித்தானுங்க்கா. நான் கொஞ்சம் சிரிப்பாச் சொல்லுவேன், அவ்வளவுதான்."

"அந்தச் சிரிப்பை என் வீட்டுக்காரர் நாலு தடவை பாத்தாரு."

அவன் தலை குனிந்தான். குனிந்தபடியே நிற்கட்டும் என்று நான் காத்திருந்தேன். மன்னிப்புக் கேட்டால் என்ன சொல்வது என்பதை மூன்று வாரமாகத் தயாரித்து வைத்திருந்தேன். அவன் கேட்டது வேறு.

"ஒம்போதைத் தேடறதை நிறுத்திருங்க்கா."

"ஏன்? உங்க கூட்டாளியா?"

"எனக்குப் பக்கத்துத் தடுப்பு. முகம் தெரியல. கைதான் தெரிஞ்சுது. ரெண்டு கையையும் கோத்து மடியில வெச்சுக்கிட்டு, ஏதோ முணுமுணுத்துக்கிட்டே இருந்தாங்க. நான் சேரை நகத்துனாக்கூட அந்தக் கை இன்னும் இறுகும். பட்டை கட்டற பொண்ணு மூணு தடவை வந்துச்சு. மூணாவது தடவை, 'அண்ணா, ஒம்போது மறுபடி வழுக்குது, தலையில எண்ணெய்'னு கத்துச்சு. முடிஞ்சு எந்திரிக்கறப்பத்தான் முகத்தைப் பாத்தேன். அப்ப யாருன்னு தெரியாது. சார் எறந்த செய்தியில உங்க ரெண்டு பேரு போட்டோவும் போட்டிருந்தாங்க."

அந்தப் பெண்ணின் விரல்கள் என் நெற்றியைத் துணியால் துடைத்தது இப்போது நினைவுக்கு வந்தது. மூன்று முறை. பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சியதும், சலித்துக்கொள்கிறானோ என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டதும். அந்த இரண்டு மணி நேரமும் நான் விளையாடவே இல்லை. பதினொரு பேருக்குப் பிடிக்க வேண்டுமே என்று பயந்துகொண்டிருந்தேன். பயத்தையும் வெறுப்பையும் அந்தப் பட்டை ஒரே பக்கத்தில்தான் எழுதும்.

"இதை ஏன் வெளிய சொல்லல?" என்றேன். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கூட்டம் உங்களை விட்டுட்டு இங்க வந்திருக்குமே?"

"வந்திருக்கும். அது வந்தா என்ன பண்ணும்னு எட்டு வருஷமா எனக்குத் தெரியுங்க்கா. நான்தானே தீனி போட்டு வளத்தேன்."

அவன் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். சொல்லாமல் வைத்திருந்ததற்காக அவனை இன்னும் கொஞ்சம் வெறுத்தேன். இன்றும் அது குறையவில்லை.

"சொந்தக்காரங்க கட்டுனது செல்லாது," என்றான். "எழுதிக் குடுத்தீங்கன்னா ஒம்போதை எடுத்துருவாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க."

"உங்க தயவு எனக்கு வேண்டாம். கெளம்புங்க."

போனான். வாசல்வரை போய்த் திரும்பி நின்று, "டோக்கன் கூப்பிட்டப்ப என்கூட ஏழு பேரு எந்திரிச்சாங்க்கா," என்றான். என்னோடு அன்று எத்தனை பேர் எழுந்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். நான் திரையைப் பார்த்திருக்கவில்லை.

*

ஃபரூக்கை வரச்சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தாளை எடுத்தான். பன்னிரண்டின் கூட்டுத்தொகை நானூற்று ஐம்பத்தாறு. ஐந்து போனால் நானூற்று ஐம்பத்தொன்று. பதினொன்றால் வகுத்தான்.

"நாப்பத்தொண்ணு, அண்ணி."

நாற்பத்தொன்று. கடைக்கு வந்துவிடும். யாரோ ஓர் ஊரில், யாரோ ஒருவர், அந்த நாற்காலியில் உட்காருவார். நான் அழுதேன். ஃபரூக் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். அந்த வாய் ஏன் மூடியது என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது.

மறுநாள் வாரியத்துக்கு எழுதினேன். இரண்டு எழுத்துகளையும் போட்டுக் கையெழுத்திட்டேன்: கு. ஜெ. மங்கையர்க்கரசி. அதே நாளில் கூட்டத்துக்கும் அறிவித்தேன்: 'நீங்கள் தேடிய ஒன்பது நான்தான். தலையில் எண்ணெய், பட்டை மூன்று முறை வழுக்கியது.' வந்தார்கள். 'புருஷனுக்கே அஞ்சு மார்க்கா?' 'வீட்டுச் சாப்பாட்டுக்கு அவரு எத்தனை போட்டாரோ?' நூலக வாசலில் எண்ணெய்ப் பாட்டில் ஒன்றை வைத்துவிட்டுப் போனான் ஒருவன். நான் ஒன்றையும் அழிக்கவில்லை. ஒவ்வொன்றையும் நான்கு முறை படித்தேன். நிவேதனுக்குக் கொடுத்ததை எனக்கு மட்டும் குறைத்துக் கொடுப்பது நியாயமில்லை.

ஐந்து வாரம் கழித்து வாரியத்தின் பதில் வந்தது. ஒரே பக்கம். ஒன்பதாம் பட்டை உறவினர் அணிந்தது என்பதால் நீக்கப்படுகிறது. நான்காம் பட்டையை அணிந்தவர் யார் என்பது மனுதாரராலேயே பொதுவெளியில் வெளியிடப்பட்டதால் அதுவும் நீக்கப்படுகிறது. மீதமுள்ள பட்டைகள் பத்து. கூட்டுத்தொகை முந்நூற்று எண்பது.

டோக்கன் 112. மதிப்பெண்: 38.